எங்கள் பிள்ளைகளும் தாதியராகலாம்

அட்டன் நகரிலிருந்து டிக்கோயாவைக் கடந்து செல்லும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்கின்றன. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இவ்வூரை ஒரு தேநீர்க் கடையாகவும் சில திருப்பங்களாகவும் மட்டுமே நினைவில் வைத்திருப்பர். ஆயின் காலை ஏழு மணியளவில் இச்சந்தியில் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்கு வேறொரு காட்சி தென்படும். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவ மாணவியர் பாதையோரத்தில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பர். பெரட்டு முடிந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர்களுடைய தாய்மார் எதிர்ப்புற மலையில் ஏறிக்கொண்டிருப்பர். இடையிடையே, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு டிக்கோயாப் பக்கமாக அம்புலன்ஸ் வண்டி ஒன்று விரைந்து செல்லும்.

மலையிலுள்ள தாய்க்கும் பாதையில் ஓடும் வண்டிக்கும் என்றாவது ஒரு நாள் தொடர்பு ஏற்படும் என்பது உறுதி. பாதையோரத்தில் நிற்கும் மகளுக்கும் அவ்வண்டிக்கும் தொடர்பு ஏற்படுமா? நோயாளியாக அன்று, அவ்வண்டியில் ஏறிச் சிகிச்சை அளிப்பவளாக, வைத்தியசாலையில் அந்நோயாளியை ஏற்றுக்கொள்ளும் தாதியாக, அவருடைய இரத்தத்தைப் பரிசோதிப்பவளாக, மருந்தை அளந்து கொடுப்பவளாக. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் நான் காத்திருக்க நேர்ந்தது. எந்த ஊர் வைத்தியசாலை என்பது இங்கு வேண்டாம். எனக்கு முன் வரிசையில் தோட்டத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். துணைக்கு வந்தவள் பதினொரு வயதுப் பேத்தி. அங்கிருந்த தாதிக்குத் தமிழ் தெரியாது. மூதாட்டிக்குச் சிங்களம் தெரியாது. பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்களத்தைக் கொண்டு அச்சிறுமி இருவருக்கும் இடையே நின்றாள்.

“அம்மாயி, எங்க நோவுதுன்னு கேக்குறாங்க” என்றாள்.

“ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு சொல்லு புள்ள. அடியில என்னமோ எறங்கி வர்ற மாதிரி இருக்குன்னும் சொல்லு” என்றார் மூதாட்டி மெல்லிய குரலில்.

சிறுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். வரிசையில் ஆண்கள் பலர் நின்றிருந்தோம். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குச் சொல் இருந்ததோ இல்லையோ, சொல்ல நா எழவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. முடிவில், வயிற்று வலி என்ற பொருள்பட ஏதோ கூறினாள். வயிற்று வலிக்கு உரிய மாத்திரைகள் எழுதப்பட்டன. இருவரும் அவற்றைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர்.

அச்சிறுமியைக் குறை கூற எவருக்கு மனம் வரும்? அத்தாதியையும் குறை கூறுவதற்கில்லை. அவர் அன்பாகவே கேட்டார். நான் எழுந்து சென்று சொல்லியிருக்கலாம். ஓர் ஆண் எவ்வாறு இதைச் சொல்வது என்று தயங்கி உட்கார்ந்திருந்தேன். அத்தயக்கம் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது. அந்த மேசைக்கு அப்பால் நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ பிறந்த ஒரு பெண் வெள்ளுடையில் அமர்ந்திருந்தால், மூதாட்டி பேத்தியின் வாயை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நுவரெலியா மாவட்ட மக்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தமிழர் என்பதை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டுகின்றது. அவர்களுக்கு நோய் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடு முழுவதற்குமான தொகை 17.3 மாத்திரமே. இவ்வளவு தேவை உள்ள இடத்தில், அத்தேவையை அறிந்தவர்களின் பிள்ளைகளே அத்தொழிலுக்கு ஏன் போதிய அளவில் வரவில்லை?

பிள்ளைகளுக்கு அறிவில்லை என்றும், பெற்றோருக்கு ஆர்வமில்லை என்றும் கூறுவோர் உண்டு. அவர்கள் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென முதலாவது சட்டம் 1872ஆம் ஆண்டில், கோப்பிக் காலத்திலேயே இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. இச்சட்டங்களின் வழியே தோட்டந்தோறும் மருந்துச் சாலையும், அதற்கொரு மருந்தாளரும், பின்னர் ஒரு மருத்துவிச்சியும் என்ற அமைப்பு உருவாயிற்று. அம்மருந்தாளரைத் தொழிலாளர் ‘டாக்டர் ஐயா’ என்றே அழைத்தனர். அவர் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் காய்ச்சலுக்குக் கலவை மருந்தும், வெட்டுக் காயத்துக்குக் கட்டும், பிரசவத்துக்கு ஓடி வருதலும் அவர் பொறுப்பே. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற அந்த உத்தியோகத்துக்கு லயத்துப் பிள்ளைகள் வருவது அரிதாகவே இருந்தது. வருவதற்கு வேண்டிய கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. 1945ஆம் ஆண்டில் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்பு என்ற எல்லையுடன் அவை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்து, எழுபதுகளிலேதான் அரசாங்கத்தின் பொறுப்புக்குப் படிப்படியாக வந்தன.

படித்திருந்தாலும் என்ன பயன் என்ற கேள்வியும் அக்காலத்தில் நியாயமானதே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரசை அல்லாதவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் தாதி உத்தியோகம் ஏது? 1964ஆம் ஆண்டில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. இந்தியாவுக்குச் செல்வதா இங்கே இருப்பதா என்று தெரியாத வீட்டில், மகளின் தொழிலைப் பற்றித் திட்டமிடுவது எங்ஙனம்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் இப்பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது. அஃதாவது, அரசாங்க உத்தியோகம் என்னும் கதவு நமக்கு முழுமையாகத் திறந்து ஒரு தலைமுறைக் காலமே ஆகின்றது. நாம் பின்தங்கியவர் என்பதை விட, பிந்திப் புறப்பட்டவர் என்பதே பொருத்தம்.

தமிழர் வைத்தியக் கல்வியில் இலங்கைக்கு ஒரு பெருமையான வரலாறு உண்டு என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றேன். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர், மறு ஆண்டே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் வளர்ந்த அவ்வகுப்பிலே பின்னர் தமிழிலேயே பாடம் நடைபெற்றது. பாடநூல் இல்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று நூல் நூலாகத் தமிழாக்கம் செய்தும் செய்வித்தும் அச்சிட்டார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். கலைச்சொல் இல்லை, வசதி இல்லை என்று நாம் இன்று கூறும் காரணங்கள் யாவும் அன்றும் இருந்தன. ஊர்ப் பிள்ளைகளே ஊருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ததனால் அது நடந்தது.

அவ்வளவு தூரம் செல்வானேன்? நம் மலையகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோது அவற்றுக்கு ஆசிரியர் போதவில்லை. வெளியூரிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் குளிரையும் தனிமையையும் தாங்காது இடமாற்றம் தேடிச் சென்றனர். ஆகவே மலையக இளைஞர்களையே தெரிந்தெடுத்து ஆசிரியராக்குவது என்ற வழி கண்டறியப்பட்டது. தொண்ணூறுகளில் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இன்று தோட்டப் பாடசாலைகளில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களிற் பெரும்பாலோர் லயத்தில் பிறந்தவர்களே. ஒரு தலைமுறைக்குள் இது நிகழ்ந்தது. ஆசிரியத் தொழிலுக்குத் திறந்த இவ்வழிக்கு ஒப்பானது சுகாதாரத் தொழிலுக்குத் திறக்கப்படவில்லை. நன்கு படிக்கும் நம் பிள்ளையிடம் ‘என்ன ஆகப் போகின்றாய்?’ என்று கேட்டால், ‘டீச்சர்’ என்ற பதில் உடனே வருவதற்கும், ‘நர்ஸ்’ என்பது வந்தால் அதைத் தொடர்ந்து ஒரு மௌனம் வருவதற்கும் இதுவே காரணம். முன்னதற்கு வழி தெரியும், பின்னதற்குத் தெரியாது.

அவ்வழியை இயன்ற அளவு கூற முயல்கின்றேன்.

அரசாங்கத் தாதியாவதற்கு மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய நகரங்களில் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் கிடைக்கும் என்பதைப் பல பெற்றோர் அறியார். பணம் செலுத்திப் படிக்கும் படிப்பு என்று எண்ணியே பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இதற்கான அழைப்பு அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளியாவது வழக்கம். தகுதி விதிகள் ஒவ்வோர் அழைப்பிலும் சிறிது மாறக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொன்ன விதியை நம்பாது, அவ்வாண்டின் அறிவித்தலைப் படிப்பதே முறை. பொதுவாக, க.பொ.த. உயர் தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியும், சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் குறிப்பிட்ட பெறுபேறும் கோரப்பட்டு வந்துள்ளன. பிற பிரிவு மாணவரைச் சேர்ப்பது பற்றிய பேச்சும் இடையிடையே எழுந்ததுண்டு. அதை நம்பிக் கலைப் பிரிவில் அமர்ந்திருப்பது புத்திசாலித்தனம் அன்று.

தாதி என்ற ஒரு சொல்லோடு நம்மவர் நிறுத்திவிடுகின்றனர். வைத்தியசாலை என்பது வைத்தியரும் தாதியும் மட்டும் வாழும் இடமன்று. கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கே சென்று பார்க்கும் பொதுச் சுகாதார மருத்துவிச்சி, இரத்தத்தையும் சளியையும் சோதிக்கும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், மருந்தாளர், எக்ஸ்ரேப் படம் பிடிப்பவர், உடற்பயிற்சியால் நோய் தீர்க்கும் இயன்மருத்துவர், பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் பற்சிகிச்சையாளர், கடைகளையும் கிணறுகளையும் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று ஒரு பெரிய குடும்பமே அங்குண்டு. இவர்களுள் மருத்துவிச்சியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், இலங்கையின் பொதுச் சுகாதாரச் சேவைக்கு முதுகெலும்பாக விளங்குபவர் இவரே. பிரசவத்தில் இறக்கும் தாய்மாரின் தொகை நம் நாட்டில் அயல் நாடுகளை விடக் குறைந்ததற்கு இவருடைய நடையும் ஒரு காரணம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. பயிற்சிக் காலம் ஒன்றரை ஆண்டளவே. மழையில் குடையுடன் லயம் லயமாக ஏறி இறங்கி, அடுப்படியில் அமர்ந்து, ‘ஏம்மா, இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டீங்களா, இல்லை அரிசிப் பெட்டியில் போட்டு வச்சிருக்கீங்களா?’ என்று உரிமையோடு கேட்கும் இவ்வேலைக்கு, அந்த அடுப்படியில் வளர்ந்தவளை விடத் தகுதியானவள் யார்?

பல்கலைக்கழக வழியும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிரியல் ஆகியன பட்டப் படிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பயிலலாம். அனுமதி முறையில் நுவரெலியா, கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது. அம்மாவட்டங்களுக்கென நூற்றுக்கு ஐந்து இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. இச்சலுகையை நம் பிள்ளைகள் முழுமையாக அனுபவிக்கின்றனரா என்றால், உயர் தரத்தில் உயிரியல் பிரிவில் அமர்பவர் பலராக இருந்தாலன்றோ அனுபவிப்பது!

இங்கேதான் நாம் முட்டுச் சந்துக்கு வருகின்றோம். நோயாளியைத் தொடும் உத்தியோகங்களிற் பெரும்பாலானவற்றுக்கு உயர் தர விஞ்ஞானமே திறவுகோல். அத்திறவுகோல் தோட்டப் புறங்களில் சுலபமாகக் கிடைப்பதில்லை. தமிழ் மொழி மூலம் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் ஆசிரியர் குறைவின்றி, ஆய்வுகூட வசதியுடன் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சிலவே. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகளை நோக்கியே சுற்றுவட்டாரப் பிள்ளைகள் செல்ல வேண்டியுள்ளது. மேல் மலைத் தோட்டமொன்றில் வாழும் மாணவி விடியுமுன் எழுந்து, தேயிலை மலை வழியாக இறங்கிப் பிரதான பாதைக்கு வந்து, பஸ் ஏறி, பாடசாலை முடிந்தபின் தனியார் வகுப்பும் முடித்து, இருட்டிய பின் வீடு திரும்ப வேண்டும். மழைக் காலத்தில் அட்டைக் கடியும், தனிவழிப் பயமும் வேறு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2024ஆம் ஆண்டிலே 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலை கிடைத்த நாளுக்குத்தான். அதிலிருந்து பஸ் கட்டணம், வகுப்புக் கட்டணம், செய்முறைப் புத்தகம் என்று இரண்டாண்டு காலம் எடுத்து வைப்பது எளிதன்று. கலைப் பிரிவோ அருகிலுள்ள பாடசாலையிலேயே உண்டு. பதினாறு வயதில், சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில், அடுப்படியில் அமர்ந்து செய்யப்படும் இம்முடிவே பிள்ளையின் பிற்காலத்தைத் தீர்த்து விடுகின்றது. அந்த வாரத்தில் அவ்வீட்டுக்கு விவரம் அறிந்த ஒருவர் சென்று பேசினால் எத்தனை மாறும்!

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஆதரவில் இயங்கும் கல்வி நிதியம் நெடுங்காலமாகப் புலமைப் பரிசில் வழங்கி வருகின்றது. இதை அறிந்து விண்ணப்பிப்போர் ஒரு சிலர், அறியாதோர் பலர். அதிபர்களும் வகுப்பாசிரியர்களும் விண்ணப்பக் காலத்தைத் தாமே விசாரித்து, தகுதியுள்ள மாணவரின் பெயரைத் தாமே எழுதி வைத்தல் பெரிய உபகாரமாகும்.

உயர் தர விஞ்ஞானம் இயலாத பிள்ளைக்கு வழியே இல்லையா? உண்டு, ஆயினும் ஓர் எச்சரிக்கையோடு கூறுகின்றேன். 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பதின்மூன்று ஆண்டு உறுதிக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறாயினும் மாணவர் 12ஆம் வகுப்பில் தொழிற் பாடப் பிரிவில் சேரலாம் என்ற ஏற்பாடு வந்தது. அப்பாடங்களுள் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் ஒன்று. தொடர்ந்து பயிற்சி பெற்றுத் தேசிய தொழிற் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழை அடையலாம். முதியோர், நோயாளர் பராமரிப்பாளருக்கு இன்று உலகெங்கும் தேவை மிகுந்துள்ளது. 2019ஆம் ஆண்டில் ஜப்பானுடனும், மறு ஆண்டு இஸ்ரேலுடனும் இத்தகைய தொழிலாளரை அனுப்புவது பற்றி இலங்கை உடன்படிக்கை செய்துகொண்டது. என் எச்சரிக்கை இதுதான்: சான்றிதழ் தேசிய தொழிற் தகைமைக்கு உட்பட்டதா என்று பார்க்காது, நகரத்தில் பெயர்ப் பலகை மாட்டிய இடமெல்லாம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வெள்ளுடையும் பட்டமளிப்புப் படமும் கொடுத்து, அரசாங்கம் ஏற்காத தாளொன்றைக் கையில் தரும் இடங்கள் நாட்டில் இல்லாமலில்லை. தாயின் சேமலாப நிதியைப் பெற்றுக் கட்டணம் செலுத்திய குடும்பங்களின் கதையைக் கேட்டிருக்கின்றேன். கொழும்பில் வீட்டு வேலைக்குச் செல்வதை விட இது மேல் என்று எண்ணி, கடைசியில் பராமரிப்பாளர் என்ற பெயரில் அதே வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களும் உண்டு.

அம்புலன்ஸ் வண்டியைப் பற்றி முதலிற் குறிப்பிட்டேன். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் ‘சுவசரிய’ சேவை, இந்திய உதவியுடன் 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாயிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்து வைத்து, நோர்வூட் மைதானத்தில் பெருந்திரளான மக்கள் முன் உரையாற்றியபோது, இச்சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்படும் என்று அறிவித்தார். அவ்வாறே விரிவாக்கப்பட்டது. வண்டியில் சாரதியோடு செல்லும் அவசர மருத்துவ உதவியாளர் என்பவர் இத்தீவுக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தர். தொடக்க காலத்தில் இவர்களுக்கு இந்தியாவின் ஹைதராபாத் நகரில் பயிற்சி அளிக்கப்பட்டது. மலைப் பாதை தெரிந்து, நோயாளியின் மொழி தெரிந்து, எந்த லயத்துக்கு எந்தப் படிக்கட்டால் இறங்க வேண்டும் என்பதும் தெரிந்த இளைஞர்கள் இவ்வேலைக்கு வேண்டும். நம் ஆண் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குச் செல்லுமுன் இதையும் எண்ணிப் பார்க்கலாம். தாதித் தொழில் பெண்களுக்கே உரியது என்ற எண்ணமும் பழையது. ஆண் தாதியர் இன்று எல்லா வைத்தியசாலைகளிலும் பணிபுரிகின்றனர்.

கட்டடம் எழுந்தது நல்லதே. அன்று நோர்வூட் மைதானத்தில் கூடியோரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்கட்டடத்துக்குள் சீருடையுடன் நுழைவர் என்ற கேள்விக்கு மட்டும் எந்த விருந்தினரும் விடை கொண்டு வர இயலாது.

பிற இடங்களில் என்ன செய்தனர் என்று பார்ப்போம். தமிழ் நாட்டிலே, அரசாங்கப் பாடசாலையில் பயின்ற ஏழைப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது மிக அரிதாகிவிட்டதைக் கண்டு, 2020ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பாடசாலையில் பயின்று, நுழைவுத் தேர்விலும் சித்தியடைந்தவருக்கு நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய தொகையில் இருந்தவர்கள், அவ்வாண்டே மருத்துவமும் பல் மருத்துவமுமாக நானூறு இடங்கள் அளவில் பெறும் நிலை ஏற்பட்டது. கூலித் தொழிலாளியின் மகள் என்றும், ஆடு மேய்ப்பவரின் மகன் என்றும் பத்திரிகைகளில் அன்று வெளிவந்த படங்களைக் கண்டு மகிழாதவர் யார்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வேறொரு முறை. அங்கே 1972ஆம் ஆண்டில் ஒரு மருத்துவக் கல்லூரியின் துணையுடன், சுகாதாரத் தொழில்களுக்கென்றே ஓர் உயர்நிலைப் பாடசாலை நிறுவப்பட்டது. மைக்கேல் டிபேக்கி என்னும் புகழ்பெற்ற இருதய சத்திர வைத்தியரின் பெயரை அது இன்று தாங்கி நிற்கின்றது. அங்குள்ள மாணவர் பாடப் புத்தகத்தோடு நில்லாது வைத்தியசாலைக்குள்ளும் சென்று தொழிலைக் கண்ணால் காண்கின்றனர்.

நோர்வூட்டுக்கு ஹூஸ்டன் வேண்டியதில்லை. கிளங்கன் வைத்தியசாலை சிறிது தூரத்திலேயே உள்ளது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவரை ஆண்டுக்கு ஒரு நாளாவது அங்கு அழைத்துச் சென்று, ஆய்வுகூடத்தையும் மருந்தகத்தையும் எக்ஸ்ரே அறையையும் காட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? நுணுக்குக்காட்டியின் வழியே ஒரு துளி இரத்தத்தை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, உயிரியல் பாடம் அதன்பின் வெறும் பாடமாக இராது. சென். ஜோன் அம்புலன்ஸ் முதலுதவிப் பயிற்சியைப் பாடசாலைகளில் ஊக்குவிக்கலாம். பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, சுகாதாரத் துறை அழைப்புகளை வர்த்தமானியிலிருந்து எடுத்து ஒட்டலாம். இவை சிறியவை. பெரியது ஒன்றுண்டு. ஆசிரியர் பஞ்சத்தைத் தீர்க்கப் பத்தனையில் ஒரு கல்லூரி எழுந்தது போல, மலையகத்திலே தாதியருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் ஒரு பயிற்சிக் கல்லூரி எழ வேண்டும். தமிழறிந்தவருக்கு அதில் உரிய இடம் வேண்டும். மேடையில் வாக்குறுதி கேட்பவர்கள் வீடு, பாதை, கூலி ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக் கேட்பார்களாக.

தாய்மாரின் அச்சத்தையும் மறைப்பதற்கில்லை. ‘பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரத்துல விடுறதா? ராத்திரி வேலையாமே!’ என்ற கேள்வி எந்த லயத்திலும் எழும். இரவு வேலை உண்டு என்பது உண்மையே. ஆனால் பயிற்சிக் கல்லூரியில் விடுதி உண்டு, பொறுப்பாளர் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. பதினெட்டு வயது மகளை முகமறியாத வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்பத் துணியும் சமூகம், அரசாங்க விடுதிக்கு அனுப்ப அஞ்சுவது எனக்குப் புரியாத புதிர்களுள் ஒன்று.

அண்மையில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்த ஒரு மாணவியின் வீட்டில் சிறிது நேரம் இருந்தேன். தேநீர் தந்த பின் அவளுடைய தந்தை, வாசற்படியில் அமர்ந்தபடி என்னைக் கேட்டார்:

“விஞ்ஞானம் படிச்சா நர்ஸ் வேல கட்டாயம் கெடைக்குங்களா ஐயா?”

கட்டாயம் கிடைக்கும் என்று கூற எனக்கு ஏது அதிகாரம்? படித்தாலும் பெறுபேறு வர வேண்டும், அழைப்பு வர வேண்டும், போட்டியில் வெல்ல வேண்டும் என்றேன். படிக்காவிட்டால் விண்ணப்பிக்கவே இயலாமற் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, அட்டனுக்கு முதல் பஸ் காலையில் எத்தனை மணிக்கு என்று மகளிடம் கேட்டார்.